நெப்ராஸ்கா லைன்

கதவைச் சாத்திவிட்டுப் போன மோகனா வெளியிலிருந்து கைப்பிடியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். "யார் தட்டுனாலும் தெறக்காதீங்கத்தை, நான் வந்தா பேரைச் சொல்லிக் கூப்புடறேன்" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே சொன்னாள். பிறகு கார் பின்னால் நகர்ந்து திரும்பிப் போகிற சத்தம், பிறகு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பது தப்பு. ஜன்னலுக்குக் கீழே சுவரில் பதித்திருக்கும் ஏசிப் பெட்டி கடகடவென்று ஆடி, மூச்சை அடக்குவதுபோல நின்று, யாரோ அதட்டிய மாதிரி மறுபடி ஆரம்பிக்கிறது. பக்கத்து அறையில் ஓர் ஆண் இருமுகிறான். சுவர் அவ்வளவு மெல்லிசு, தொண்டையில் சளி புரளுவதுகூடக் கேட்கிறது. நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நன்றாகச் சாய்ந்து உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை, ஆனாலும் ஓரத்தில்தான் உட்கார வருகிறது. போர்வையில் சிகரெட் சுட்ட ஓட்டை ஒன்று, சுண்டுவிரல் நுழைகிற அளவு. நுழைத்துப் பார்த்தேன். கீழே இன்னொரு போர்வை, அதிலும் அதே இடத்தில் ஓட்டை. அப்படியென்றால் அந்த ஆள் தூங்கிப்போயிருக்கிறான், கையில் நெருப்போடு, களைப்பில். அமெரிக்காவில் இந்த இடத்துக்கு நெப்ராஸ்கா என்று பெயர், மோகனா சொன்னாள். எனக்கு அது மருந்துப் பெயர் மாதிரி கேட்டது. காலையிலிருந்து மக்காச்சோளக் காடு, காய்ந்து வெளுத்து, இரண்டு பக்கமும் கண் எட்டுகிற வரைக்கும். மத்தியானத்துக்கு மேல் வண்டிக்குள் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது, பின் டயரில் காற்று இறங்குகிறது என்றாள். அடுத்து வந்த ஊரில் அடுத்து வந்த மோட்டலில் நுழைந்தோம். என்னை இறக்கிவிட்டு, கடை அடைப்பதற்குள் டயரைப் பார்த்துவிட்டு அப்படியே சாப்பிடவும் ஏதாவது வாங்கி வருகிறேன் என்று போயிருக்கிறாள். அவ்வளவுதான் நடந்தது. இதில் பயப்பட ஒன்றுமில்லை. இதில் பயப்பட என்ன இருக்கிறது. அவள் வராமல் போனால் இந்த ஊரில் நான் யார் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை, அது ஒன்றுதான். பாஸ்போர்ட் பையில் இருக்கிறது. நல்லம்மாள், கணவர் பெயர் காளியண்ணன், நாமக்கல். அதைக் காட்டினால் போதும். காட்டினால் அடுத்ததாகக் கேட்பார்கள், யாரோடு வந்தாய் என்று. அங்கேதான் ஒவ்வொரு தடவையும் போய் முட்டிக்கொள்கிறது.

அவ இனிமே உனக்கு யாரும்மா என்றான் பூபதி. சமையலறையில் நின்றுகொண்டு, கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்கிற மாதிரி. என் மகன் சின்ன வயதிலும் அப்படித்தான், கணக்கு வராவிட்டால் அழமாட்டான், இது ஏன் இப்படி என்று கேட்பான். போன மாதம் வரைக்கும் மோகனா அவனுக்குப் பெண்டாட்டி. கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து இரண்டு பேரும் ஒரே காரில் இறங்கினார்கள், ஒருவருக்கொருவர் கதவைப் பிடித்துக்கொண்டு வழிவிட்டார்கள், அதைப் பார்த்துத்தான் இது இனி ஒட்டாது என்று எனக்குத் தெரிந்தது. சண்டை போட்டிருந்தால் சமாதானம் செய்யலாம் என்றுதான் நான் இத்தனை தூரம் ப்ளேன் ஏறி வந்தேன். சண்டையே இல்லை. ஒரு நாள் மோகனாவிடம் கேட்டேன், என்ன கண்ணு ஆச்சு உங்களுக்கு என்று. "ஒன்னும் ஆகலைங்கத்தை, பேச்சுத் தீந்துபோச்சு" என்றாள், அரிசி தீர்ந்துபோச்சு என்கிற மாதிரி. அவனிடம் கேட்டால் வீட்டுக்குள் வந்தால் மூச்சு முட்டுகிறது என்றான். இரண்டு நல்ல பிள்ளைகள். நல்ல பிள்ளைகளாக இருப்பது போதவில்லை போல. அவளுக்குக் கலிபோர்னியாவில் வேலை கிடைத்தது. சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு தானே ஓட்டிப் போகப்போகிறேன் என்றாள். ஒண்டியாவா என்றேன். ஆமாங்கத்தை. எத்தனை நாள் ஆகும்? நாலஞ்சு நாள். நான் புளிக்காய்ச்சலைக் கிளறிக்கொண்டிருந்தேன். நானும் வர்றேன் என்று வாய் சொல்லிவிட்டது. மனசு பிறகுதான் வந்து சேர்ந்தது, மூச்சு வாங்கிக்கொண்டு.

இவர்கள் கல்யாணம் ஆன புதுசில் எனக்கு இவளைப் பிடிக்கவில்லை. அதை இப்போது நினைத்தால் அது வேறு யாருடைய மனசோ என்று தோன்றுகிறது. ஈரோட்டுக்காரி, காலையில் குளித்த உடனே தலையை விரித்துப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள், காப்பியில் சர்க்கரை போட மறந்துவிட்டு அதையே குடித்து முடிப்பாள். இவளுக்கு நாக்கே இல்லையோ என்று என் தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறேன். பிறகு என் வீட்டுக்காரர் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்தார். பூபதிக்கு விசாவில் என்னவோ சிக்கல், வந்தால் திரும்பப் போக முடியாது என்றார்கள், போனில் அழுதான். வந்தது இவள். லீவு போட்டுவிட்டு வந்து கடைசி வரைக்கும் இருந்தாள். ஒரு நாள் நான் கேன்டீனில் இருந்து கஞ்சி வாங்கிக்கொண்டு வருகிறேன், கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து மாமனாருக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருக்கிறாள். அவர் கால் நகம் கல் மாதிரி இருக்கும், லாரி க்ளட்ச் மிதித்து மிதித்துக் கட்டைவிரல் நகம் கறுத்து மடிந்திருக்கும், நான்கூட வெட்டினதில்லை, அவரே ப்ளேடால் சீவிக்கொள்வார். வெந்நீரில் ஊறவைத்துத் துடைத்து மெதுவாக வெட்டுகிறாள், அவர் அவளுக்கு அசாம் போகிற வழி சொல்லிக்கொண்டிருக்கிறார். எந்த ஊரில் டீ நன்றாக இருக்கும், எந்தப் பாலத்தில் ராத்திரி நிறுத்தக் கூடாது, டயர் சூட்டை உள்ளங்கையால் எப்படிப் பார்ப்பது. இந்தப் பயணத்தில் தினமும் காலையில் இவள் காரைச் சுற்றி வந்து நாலு டயரிலும் கை வைக்கிறாள். என்னிடம் சொல்லிவிட்டுச் செய்வதில்லை. நானும் பார்க்காதது மாதிரி சீட்டில் உட்கார்ந்திருப்பேன். அவ உனக்கு யாரும்மா. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, கோர்ட் தெரியாது. கோர்ட் எதை வெட்டியது, எதை விட்டது என்று எனக்கு யார் சொல்வார்கள்.

இருமல் நின்றுவிட்டது. அந்த ஆள் கதவைத் திறக்கிறான். திரையை விரலளவு விலக்கிப் பார்த்தேன். பெரிய உடம்பு, வெள்ளைத் தாடி, பனியன், காலில் ரப்பர் செருப்பு. இங்கேயும் லாரிக்காரன் ரப்பர் செருப்புத்தான் போடுகிறான். எதிரே தாரில் மூன்று லாரிகள் நிற்கின்றன, அப்பா, என்ன உயரம், மூக்கு நீட்டிக்கொண்டு ரயில் எஞ்சின் மாதிரி. இவன் தன் வண்டியைச் சுற்றி வந்தான், ஒரு டயரை எட்டி உதைத்தான், வானத்தைப் பார்த்தான், இடுப்பில் கை வைத்துக்கொண்டு சும்மா நின்றான். சும்மா என்றால் சும்மா. எதையும் யோசிக்கிற முகமில்லை. வீட்டில் யார் காத்திருக்கிறார்களோ, மகளுக்குக் காய்ச்சலோ, வண்டிக்குத் தவணையோ, அந்த நேரத்துக்கு அவன் மேல் ஒன்றும் ஒட்டவில்லை. காற்று அடித்தது, தாடி பறந்தது, சிரித்துக்கொண்டானா என்ன. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கட்டிலில் வந்து உட்கார்ந்துகொண்டேன், இந்தத் தடவை நடுவில். என் வீட்டுக்கார மனுசன் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்! கல்யாணம் ஆனதிலிருந்து இவர் லைன் போனார். லைன் என்றால் எங்கள் ஊரில் லாரி போகிற தூர வழி, பம்பாய் லைன், கல்கத்தா லைன், அசாம் லைன். முட்டை ஏற்றிக்கொண்டு போவார், நாக்பூரில் ஆரஞ்சு ஏற்றிக்கொண்டு வருவார். போனால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. வந்து குளித்துச் சாப்பிட்டதும் நான் கேட்பேன், வழியில் கஷ்டமா இருந்துச்சுங்களா என்று. ஆமா, கஷ்டந்தான் என்பார். கயித்துக் கட்டில்ல படுத்தேன், கொசு, ரொட்டி வரட்டி மாதிரி இருந்துச்சு. நான் பாவம் பாவம் என்று முதுகில் எண்ணெய் தேய்த்துவிடுவேன். இவர் முகம் மட்டும் அந்தக் கஷ்டத்துக்குப் பொருந்தாது, எங்கேயோ பார்த்துக்கொண்டு லேசாக ஒளிந்துகொள்ளும். இப்போது தெரிகிறது அது எந்த முகம் என்று. யாருக்கும் தெரியாத ஊரில், யாரும் எதுவும் கேட்காத இடத்தில், வண்டி நிற்கிறது, லோடு பத்திரமாக இருக்கிறது, இன்றைக்கு ஓட்ட வேண்டிய தூரம் முடிந்துவிட்டது, நாளைக்கு ஓட்ட வேண்டியது நாளைக்கு. சந்தோஷமாக இருந்திருக்கிறார். திருட்டு மனுசன். எனக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. சிரிப்பு வருகிறது. ஏசிப் பெட்டி ஆடுகிறது, கம்பளத்தில் பழைய சிகரெட் நாற்றம், குளியலறையில் வாளியும் இல்லை மக்கும் இல்லை, நான் நாமக்கல்லில் இருந்து கொண்டுவந்த நீல மக்கு மட்டும் தொட்டியின் விளிம்பில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இந்த அறை பிடித்திருக்கிறது. இதை யாரிடம் சொல்ல முடியும். மகன் வாழ்க்கை உடைந்து ஒரு மாதம் ஆகவில்லை, இவளுக்கு மோட்டல் பிடித்திருக்கிறதாம். ஆனால் பிடித்திருக்கிறது. என்ன செய்வது.

திரையை மறுபடி விலக்கினேன். லாரிகளுக்கு இந்தப் பக்கம், இரும்பு வேலி போட்ட ஒரு சதுரம். நீச்சல் குளமாக இருந்திருக்க வேண்டும், இறங்குகிற ஏணியின் வளைந்த கைப்பிடி இன்னும் நட்டுக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் இல்லை. மண்ணைக் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். மண்ணில் பச்சையாக என்னவோ. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மிளகாய்! மிளகாய்ச் செடி, வெந்தயக்கீரை, வேலிமேல் சுரைக்கொடி. ஏணிக் கைப்பிடியில்கூட சுரைக்கொடி சுற்றியிருக்கிறது. அதைப் பார்த்த பிறகு உள்ளே உட்கார்ந்திருக்க யாரால் முடியும். கதவைத் திறந்து இரண்டு எட்டு வைத்தேன், மூன்றாவது எட்டில் பின்னால் டப் என்று சத்தம். திரும்பித் தள்ளினேன். பூட்டிக்கொண்டது. சாவி அட்டை உள்ளே, போன் உள்ளே, பாஸ்போர்ட் உள்ளே. காலில் செருப்புகூட இல்லை. தெறக்காதீங்கத்தை என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனாளே, சின்னப் பிள்ளை மாதிரியே செய்துவிட்டேனே. அவள் வருகிற வழியில் ஏதாவது ஆகியிருந்தால், போலீஸ் வந்து கதவைத் தட்டினால், உள்ளே ஆள் இல்லை என்று போய்விடுவார்களே. நான் இங்கே நெப்ராஸ்காவில் வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து. வெள்ளைத் தாடிக்காரன் என்னவோ கேட்டான். நான் தலையை ஆட்டினேன், ஆமாமா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. அவன் விரலால் அலுவலகப் பக்கம் காட்டி உரக்கக் கூப்பிட்டான். அங்கிருந்து வந்தது ஓர் அம்மாள், சல்வாரின் மேல் ஸ்வெட்டர், காலில் சாக்ஸோடு செருப்பு, கையில் களைக்கொத்து. என் வயது இருக்கும். அறை எடுக்கும்போது மோகனா சொன்னாள், குஜராத்திக்காரங்க நடத்தறாங்கன்னு. கதவைக் காட்டினேன், கையை விரித்தேன். அந்த அம்மாள் சிரித்தாள், அடக்க முடியாமல், வாயைப் பொத்திக்கொண்டு. நிறையப் பேர் இப்படி வெளியில் வந்து நிற்பார்கள் போல. ஸ்வெட்டர்ப் பையில் கைவிட்டு இன்னொரு சாவி அட்டையை எடுத்தாள். நான் உடனே கதவுக்குப் போகவில்லை. வேலியைக் காட்டினேன். "மொளகா" என்றேன். "மிர்ச்சி" என்றாள். "நீங்க வெச்சதுங்களா?" என்றேன் தமிழில். அவள் குஜராத்தியில் என்னவோ நீளமாகச் சொன்னாள், கையால் தண்ணீர் அலையடிப்பதுபோலக் காட்டி, பிறகு குழந்தைகள் ஓடுவதுபோல, பிறகு இல்லை என்று, பிறகு லாரி லாரியாக மண் கொட்டினதுபோல. எல்லாம் புரிந்தது. ஒரு பிடி மிளகாய் பறித்து என் முந்தானையில் போட்டாள். மோகனா போன பாதையைக் காட்டி, "டாட்டர்?" என்றாள். "எஸ்" என்றேன்.

யோசித்திருந்தால் வேறு என்ன சொல்லியிருப்பேன். யோசிக்கவில்லை. அந்தச் சொல் போய்விட்டது, காற்றில், மக்காச்சோளக் காட்டுப் பக்கம். உள்ளே போன் அடிக்கிறது. அந்த அம்மாள் கதவைத் திறந்துவிட்டாள், நான் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பூபதி.

"எங்கம்மா இருக்கே? எத்தனை தடவை அடிக்கறது?"

"வெளில நின்னுட்டிருந்தேன் சாமி. நெப்ராஸ்கால."

"ரூம் எப்படி இருக்குது?"

"சொகமா இருக்குது."

நம்பவில்லை, மூச்சிலேயே தெரிந்தது. "அவ எங்க?"

"டயர்ல காத்து எறங்குதுன்னு கடைக்குப் போயிருக்கறா."

"பின்னாடி லெஃப்ட் டயரா? அப்பவே மாத்தச் சொன்னேன். ஒட்டுப்போட்டுக் குடுத்தா வாங்கிட்டு வரவேண்டாம்னு சொல்லும்மா. மலை ஏறோணும் இன்னும். புதுசு போட்டுக்கச் சொல்லு."

"நீயே சொல்லு."

"நான் எப்படிம்மா சொல்றது."

அந்தக் குரல். ஆறாவது படிக்கும்போது கைவிரல் கதவில் நசுங்கி, வலிக்குதா என்றால் இல்லை என்றானே, அந்தக் குரல். நான் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் பிள்ளைக்கு எதிராக நான் எதுவும் செய்யவில்லை, என் பிள்ளையை விட்டு எங்கேயும் போகவில்லை, இதை எப்படிச் சொல்வது, இதைச் சொல்ல எனக்கு எந்தப் பாஷையும் வரவில்லை. "கண்ணு, என்ற திரும்பி வர்ற ப்ளேன் டிக்கெட்டை மாத்திப்போடு" என்றேன்.

"ஏன்? சீக்கிரம் வந்தர்றியா?"

"இல்ல. தள்ளிப்போடு. அங்க போய் அவ வீடு புடிச்சு, நல்ல நாள் பாத்துப் பால் காய்ச்சி, நாலு பாத்திரத்தை அடுக்கிக் குடுத்துட்டு வர்றேன்."

"அவ கேட்டாளா உன்னைய?"

"கேக்கல."

"அவ கேக்காம நீ எதுக்கும்மா…"

"உங்கப்பனுக்கு நகம் வெட்டச் சொல்லி அவளை யாரு சாமி கேட்டா?"

இப்படி வெட்டினது மாதிரி சொல்லியிருக்க வேண்டாம். அவனுக்கு அது எங்கே போய்த் தைக்கும் என்று எனக்குத் தெரியாதா. வர முடியாமல் போனது அவன் தப்பு இல்லையே. ஆனால் அவன் கோபிக்கவில்லை. அந்தப் பக்கம் கிண்ணம் ஒன்றைச் சிங்க்கில் வைக்கிற சத்தம் கேட்டது, குழாய் திறந்து மூடுகிற சத்தம். ஒண்டியாகச் சாப்பிட்டுவிட்டுக் கழுவுகிறான். "சரிம்மா, மாத்தறேன்" என்றான். "அங்கிருந்து திரும்பி நாமக்கல் போறதுக்கு முந்தி இங்கயும் பத்து நாள் வந்து இரு." "வராம? உனக்கு யாரு பருப்புப்பொடி இடிச்சுத் தருவா?" என்றேன். சிரித்தான். கொஞ்சம்தான், ஆனால் சிரித்தான். வைத்துவிட்டான். நான் மிளகாயை மேசையில் கொட்டி, காம்பைக் கிள்ளாமல் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். பக்கத்து அறையில் தாடிக்காரன் டீவி போட்டான், ஏதோ விளையாட்டு, கூட்டம் கத்துகிறது. முன்னால் பயமாக இருந்த சுவர் இப்போது துணை மாதிரி இருக்கிறது. ஒரே அரை மணி நேரத்தில் மனசு எங்கெங்கே போய்விட்டு வந்து உட்காருகிறது பாருங்கள்.

"அத்தை, நான்தான், மோகனா." கையில் பேப்பர்ப் பை, அட்டைப்பெட்டி, நெற்றியில் கறுப்பு மை தீற்றல். கையைத் துடைக்காமல் நெற்றியைத் துடைத்திருக்கிறாள். டயரை மாற்றிவிட்டாளாம், புதுசு. ஒட்டுப்போட்டா போதும்னு சொன்னான், நான்தான் வேண்டாம்னுட்டேன் என்றாள். பூபதி பேசினான் என்று மட்டும் சொன்னேன். "என்ன சொன்னாப்ல?" "டயரு புதுசு போடச் சொன்னான்." அவள் பையைப் பிரிப்பதை நிறுத்தினாள். பிறகு பிரித்தாள். "போட்டாச்சுன்னு சொல்லிருங்க" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. குளியலறைக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினாள். வெளியே வரும்போது மை போயிருந்தது, கண் சிவந்திருந்தது, ஆனால் இத்தனை நாள் பயணத்தில் இன்றைக்குத்தான் தோள் கீழே இறங்கியிருந்தது.

"கொஞ்ச தூரத்துல நல்ல ஹோட்டல் ஒன்னு பாத்தேனுங்கத்தை. சுத்தமா இருக்குது. மாறிக்கலாமா? இங்க நாத்தம் அடிக்குது."

"இதுக்கு என்ன கொறைச்சல்? ஏசி ஓடுது, மொளகா இருக்குது."

"மொளகாயா?"

மேசையைக் காட்டினேன். கதை சொன்னேன், கதவு பூட்டிக்கொண்டது, வெறுங்கால், எல்லாம். டாட்டர் என்றதை மட்டும் சொல்லவில்லை, அது எனக்கும் அந்த அம்மாளுக்கும் நடுவில் இருக்கட்டும். அவள் கட்டிலில் விழுந்து சிரித்தாள், ஷூவைக்கூடக் கழற்றாமல். அட்டைப்பெட்டியைத் திறந்தோம். பீட்சா. ஒரு துண்டின் மேல் மிளகாயைக் கிள்ளிப் போட்டுக்கொடுத்தேன். கடித்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, "அய்யோ காரம், இன்னொன்னு போடுங்க" என்றாள். சர்க்கரை இல்லாத காப்பியைக் குடித்தவள். அப்போது சொன்னேன், டிக்கெட்டைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டேன் என்று. மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எத்தனை நாளைக்கு?"

"விசா இருக்குது இன்னும். நீ போன்னா போயர்றேன்."

"ஒரே ரூம்தானுங்கத்தை பாத்து வெச்சிருக்கேன். சின்னது. நான் ஒருத்திதானேன்னு."

"படுக்கறதுக்கு எனக்கு என்ன எடம் வேணும்."

அவள் துண்டைப் பெட்டியில் வைத்துவிட்டு, விரலில் எண்ணெயோடேயே போனை எடுத்து, எதையோ தேடித் தேடித் தள்ளிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்து விழுந்து மாறியது. எனக்கு இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டு, சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டினேன்.

"சமையக்கட்டுல ஜன்னல் வேணுமா உங்களுக்கு?" என்றாள், நிமிராமல்.

"வேணும்" என்றேன்.